கோல் என்று சொன்ன தலை

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சு தேசத்தில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சிதம்பரத்தில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்களாம். என் மச்சான் கலியமூர்த்தி ஒரு விதமாகச் சொல்வான். அவனுடைய டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி விட வருகிறவன் இன்னொரு விதமாகச் சொல்வான். அங்கிருந்து பஸ் ஏறிக் கடலூருக்கு வந்து சேருவதற்குள் கதைக்கு வேறு கை கால் முளைத்திருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். நடந்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தவன் நான்தான். கொடி என் கையில்தான் இருந்தது.

என் பெயர் வைத்திலிங்கம். கடலூர் முதுநகர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்று துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனவன். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல். அங்கே பழகிய ஒருவர் பாரீசில் கடை போட்டபோது பாத்திரம் கழுவ என்னையும் அழைத்துக்கொண்டார். வந்து முப்பத்தொன்பது வருஷம். இன்று பாரீசுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சின்ன ஊரில் எனக்குச் சொந்தமாக உணவகம். மேயர் என் கையால் மட்டன் சுக்கா சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டியிருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐஸ் உடைத்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

2

இந்த நாட்டில் ஒரு கோப்பைப் போட்டி இருக்கிறது. இதன் அருமை நம் ஆட்களுக்குப் புரிய வேண்டும். கிரிக்கெட் மாதிரி பெரிய ஊர்க்காரர்கள் மட்டும் தங்களுக்குள் ஆடிக்கொள்வதில்லை. தேசத்திலே எந்த மூலையில் ஒரு கிளப் இருந்தாலும் சேரலாம். தபால்காரர், இறைச்சிக் கடைக்காரர், எலெக்ட்ரீஷியன் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற கிளப்பும் அதில் உண்டு, கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிற கிளப்பும் உண்டு. கடலூர் முதுநகரில் ஒரு தெரு அணி, ஜெயித்துக்கொண்டே போனால், ஒரு நாள் இந்தியாவின் பெரிய கிளப்போடு மோதலாம் என்றால் எப்படியிருக்கும்? அப்படி. தோற்றால் அன்றோடு சரி. மறு வாய்ப்பே கிடையாது. நம் ஊரில் 'நாக் அவுட்' என்று நோட்டீஸ் ஒட்டுவோமே, அதேதான், தேசம் அளவுக்கு.

எங்கள் ஊர் கிளப் அதில் வருஷா வருஷம் சேரும். வருஷா வருஷம் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ வெளியே வரும். கிளப் தொடங்கிய நாளிலிருந்து மூன்றாம் சுற்றைத் தாண்டியதே இல்லை. நான்காம் சுற்றுக்குப் போனால் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள் எதிரே வரக்கூடும். பேப்பரில் பெயர் வரும். இந்த சீசனில் முதல் சுற்றில் நாலு கோல் போட்டு ஜெயித்தோம். இரண்டாம் சுற்றில் பெனால்டியில் ஜெயித்தோம். பெனால்டியில் இரண்டைத் தடுத்தவன் என் மகன் பாலு.

ஆமாம், என் மகன்தான் கோல்கீப்பர். கேப்டனும் அவன்தான். முப்பத்தாறு வயது. முட்டி தேய்ந்துவிட்டது, இந்த சீசனோடு நிறுத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்காம் சுற்றைப் பார்க்க அவனுக்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பம் இதுதான்.

3

பாலு இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பேச வராது. வந்தாலும் நான்கு சொல்லுக்கு மேல் தாங்காது. என்னைப் 'பப்பா' என்று கூப்பிடுவான். பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகின்றன. முதல் தடவை கேட்டபோது, பப்பாளிக்காய் வேண்டுமாக்கும் என்று என் மனைவி மங்கை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தேடினாள். இப்போது வேறு ஊரில், அவன் கட்டிக்கொண்ட பெண்ணோடு இருக்கிறான். நல்ல பெண். மாதம் ஒரு முறை உணவகத்துக்கு வருவார்கள். நான் ஆரம்பித்தால், "பப்பா, மேயர் கதை வேண்டாம்" என்பான். சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் அவன் எங்கே இருப்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு கம்பத்துக்கு நடுவில். இந்தச் சின்ன ஆட்டங்களுக்கு நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் கொடி பிடிக்கிற ஆளைக் கிளப்புகளே ஆளுக்கொருவராகக் கொடுக்க வேண்டும். அதற்கு யாரும் வரமாட்டார்கள். குளிரில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்க யாருக்கு ஆசை? நான் வருகிறேன் என்றேன். தொண்ணூறு நிமிஷம் மகன் குரல் காதில் விழுகிற தூரத்தில் நிற்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

கொடி பிடிக்க லைசென்ஸ் கேட்டார்கள். நம் ஊரில் கொடி பிடிக்க ஒரு பிரியாணிப் பொட்டலம் போதும். இங்கே போட்டோ, அடையாள அட்டை நகல், மூன்று பக்கப் படிவம். என் அட்டையில் பெயர் தலைகீழாக இருக்கிறது. குப்புசாமி மகன் வைத்திலிங்கம் என்று இருந்ததை, வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில், குடும்பப் பெயர் வைத்திலிங்கம், சொந்தப் பெயர் குப்புசாமி என்று எழுதிவிட்டார்கள். திருத்தப் போனேன். திருத்த வேண்டுமென்றால் கடலூரிலிருந்து ஒரு கடுதாசி, அதை மொழிபெயர்த்து ஒரு கடுதாசி, மொழிபெயர்த்தவர் யோக்கியர் என்று ஒரு கடுதாசி. விட்டுவிட்டேன். அதனால் கிளப்பில் எனக்குப் பெயர் 'முசியே குப்பு', அதாவது திருவாளர் குப்பு. பாண்டிச்சேரியைத் தாண்டாத என் அப்பாவை இங்கே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

4

மூன்றாம் சுற்று எங்கள் மைதானத்திலேயே என்று சீட்டு விழுந்தது. எதிரே வருவது எங்களைவிட ஒரு படி மேலே ஆடுகிற கிளப். கிளப் செயலாளர் மர்த்தீன் அம்மா தன் போனை மைதான மூலையில் ஒரு கம்பில் கட்டி நேரலையாகக் காட்டப்போவதாகச் சொன்னார். விடுவேனா? ஒரு வாரம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போன் போட்டு, "டிவியில வரேன், பாருங்க" என்று சொல்லிவிட்டேன். டிவி இல்லை, போன்தான். அதனால் என்ன.

ஆட்டத்தன்று காலை கலியமூர்த்தி கூப்பிட்டான்.

"மாமா, ஒர்க்‌ஷாப்புல பெரிய ஸ்கிரீனு வாடகைக்கு எடுத்து மாட்டிட்டோம். பன்னண்டு பேரு உக்காரப் போறோம். நீங்க எங்க நிப்பீங்க?"

"கோட்டு மேலடா. எங்க கோலு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

"ஆடப்போறது மாப்ள. நீங்க ஏன் இவ்ளோ அலட்டிக்கிறீங்க?"

"டேய், நான் கொடிய தூக்கலன்னா ஆட்டமே நவுராது."

"தூக்குங்க, தூக்குங்க. ஆனா கோலா இல்லையான்னு கரெக்டா சொல்லுங்க மாமா. உங்க பழைய கேஸு எங்ககிட்ட இருக்குது." பின்னால் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பழைய கேஸ் என்னவென்றால், நான் இளவட்டமாக இருந்தபோது கடலூர் அணிக்கு ஆடினேன். சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்து வெட்டவெளியில் ஒரு நாக் அவுட். பரிசு எவர்சில்வர் குடம். மழை பெய்து பந்து ஊறிப் பண்ருட்டிப் பலாப்பழம் மாதிரி கனத்தது. அதை நான் உதைத்தேன். வலை கிடையாது, இரண்டு மூங்கில்தான். பந்து மூங்கிலுக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்: கோல். குடம் கடலூருக்கு வந்தது. சில வருஷம் கழித்துச் சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவன் அன்றைக்கு மூங்கிலுக்கு நடுவில் நின்ற கோல்கீப்பர். "அக்கா, கோல் போடாமலே கோல்னு சத்தியம் பண்ண ஆளு வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அவன்தான் கலியமூர்த்தி. கல்யாணம் நடந்துவிட்டது, கேஸ் மட்டும் முடியவில்லை.

5

என்ன ஆட்டம்! முதல் பாதியில் அவர்கள் எங்கள் கோலை முற்றுகையிட்டார்கள். பாலு இடது பக்கம் பாய்ந்து ஒன்று, காலால் ஒன்று, முகத்தால் ஒன்று தடுத்தான். மூக்கில் ரத்தம், துடைத்துக்கொண்டு எழுந்தான். வேலிக்கு வெளியே ஊரே நின்றது. ரொட்டிக் கடைக்காரி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். இரண்டாம் பாதியில் நாங்கள் ஏறினோம். ஒரு பந்து அவர்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது மைதானம் முழுக்க ஒரே குரலாக 'ஐயோ' என்றது, பிரெஞ்சில்.

எண்பது நிமிஷம் தாண்டியும் கோல் இல்லை. அப்போதுதான் அவர்களுடைய பத்தாம் நம்பர் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து பாலுவின் விரலைத் தாண்டி, மேல் கம்பியின் அடியில் மோதி, செங்குத்தாகக் கீழே விழுந்து, சுழன்று வெளியே துள்ளியது. பாலு அதை அள்ளிக்கொண்டான்.

நான் கோட்டுக்கு நேராக நின்றேன். என்னைவிட நன்றாகப் பார்த்தவர் கிடையாது. பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. கோல்.

நடுவர் தொலைவில் இருந்தார். என்னைப் பார்த்து, "முசியே குப்பு! உள்ளேயா?" என்று கத்தினார். கொடியைத் தூக்க வேண்டும், கை வரவில்லை. ஆமாம் என்பதற்கு இங்கே 'வீ', அந்த ஒரே எழுத்தைச் சொன்னால் போதும், நாக்கு ஒட்டிக்கொண்டது. தலைதான் தானாக வேலை செய்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாய்த்து ஆட்டினேன். நம் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு எப்படி ஆட்டுவோமோ, அப்படி.

இந்த ஊரில் ஆமாம் என்றால் தலை மேலும் கீழும்தான் போக வேண்டும். பக்கவாட்டில் போனால் இல்லை என்று அர்த்தம். நடுவர் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். "ஆடுங்கள்!" என்று கையை வீசினார். பாலு பந்தை நெடுந்தூரம் உதைத்தான். எங்கள் ஒன்பதாம் நம்பர் அதைத் துரத்திப் போய், எதிர்க் கோலில் சொருகினான்.

கோல்! எங்களுக்கு! ரொட்டிக் கடைக்காரி வேலியில் ஏறிவிட்டாள்.

எதிரணி பதினோரு பேரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பந்தை நடுவில் வைத்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் எதையும் மாற்ற முடியாது. அதற்குள் கேட்டால்தான் உண்டு. நடுவர் அவர்களை ஒதுக்கிவிட்டு எங்கள் கோல் பக்கம் நடந்து வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார். "கடைசியாகக் கேட்கிறேன். பந்து கோட்டைத் தாண்டியதா?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் தர்மம் நியாயம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. பத்தடி தள்ளி நிற்கிற பாலுவின் முட்டி தோன்றியது. அவனுடைய நான்காம் சுற்று தோன்றியது. அதோடு சிதம்பரமும் தோன்றியது. இங்கே இருப்பவர்கள் யாருக்கும் என் தலை சொன்னது புரியவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பேருக்கும் நான் 'கோல்' என்று சொல்லியாகிவிட்டது. இப்போது வாயால் 'இல்லை' என்றால், இரண்டாவது தடவையும் அதே சிதம்பரத்துக்காரன் முன்னால் பொய்ச் சத்தியம்.

வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன தலை மறுபடியும் முந்திக்கொண்டது. அதே ஆட்டு.

நடுவர் வெறுத்துப்போய் என் மகன் பக்கம் திரும்பினார். "கேப்டன், நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். பந்து உள்ளேயா?"

பாலு கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அவன் தலை கொஞ்சமே கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது.

தமிழ் நான்கு சொல்லுக்கு மேல் வராத பிள்ளை. எங்கே கற்றான்?

"நீங்களுமா!" என்று நடுவர் இரண்டு கையையும் விரித்தார்.

இந்த மொழியில் கோலுக்கு 'ப்யுத்' என்று ஒரு சொல். முப்பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. அன்று வந்தது. "ப்யுத், முசியே. நான் அப்போதே கோல் என்றுதான் சொன்னேன். இதோ அவனும் கோல் என்றுதான் சொல்கிறான்."

எங்கள் கோல் போனது, அவர்கள் கோல் ஏறியது. மிச்சமிருந்த நிமிஷங்களில் எங்கள் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை வாழ்நாளில் மறக்கமாட்டேன். கடைசி கார்னருக்குப் பாலுவே கோலை விட்டு ஓடினான், அந்த முட்டியோடு. எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் அடித்தான். அவர்களுடைய கோல்கீப்பரின் விரல் நுனியில் பட்டு மேலே போனது. விசில்.

6

எதிரணிப் பயிற்சியாளர் வந்து என் கையைக் குலுக்கினார். எங்கள் அணியில் ஒருவரும் குலுக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பாலு என்னிடம் வந்து பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான்: "நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அது உங்கள் இஷ்டம். நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் என் பேரில் சொன்னீர்கள்?"

"நீ தலையாட்டினாயே."

"நான் ஆட்டவில்லை. எப்போதும் இப்படித்தான். நடந்ததைவிடப் பெரிதாக ஒன்று சொல்வீர்கள்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஊரெல்லாம் அளந்து விடுகிறவன் ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் நம்புவார்கள்?

திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. மங்கை பாலுவைக் கூப்பிட்டு, சாப்பிட வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வந்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவே கலியமூர்த்தி வீடியோவில் வந்தான். பின்னால் ஒர்க்‌ஷாப், பாதிப் பேர் எண்ணெய்க் கையோடு.

"மாமா! நேத்து போன் பண்ணா ஏன் எடுக்கல? மொத ஆட்டுலயே நாங்க தலைல கைய வச்சிட்டோம், போச்சுடா, கோல் குடுத்துட்டாருன்னு. அப்பறம் பாத்தா ஆட்டம் நடக்குது! அந்த ரெஃப்ரிக்கு என்ன, கண்ணு தெரியாதா?"

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கேளு" என்றேன். "ரயிலடியில போட்டேனே, அது கோல் இல்லடா. மூங்கிலுக்கு வெளியத்தான் போச்சு."

ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரே கூச்சல். "எழுதிக் குடுங்க மாமா! இத எழுதிக் குடுங்க!"

இதோ எழுதிவிட்டேன். குடம் மட்டும் திரும்பி வராது, ஓட்டையாகிவிட்டது.

"மாப்ள எங்க? அவன காட்டுங்க" என்றான் கலியமூர்த்தி. போனைத் திருப்பினேன். "மாப்ள, பிரமாதம்டா! அப்பனும் புள்ளையும் ஒரே ஆட்டு!"

பாலு என்னை முறைத்தான். "என்ன ஆட்டு?" என்றான், தமிழிலேயே.

"நீ தலையாட்டுனியே, அதான்டா. ரெஃப்ரி உன்னைக் கேட்டப்ப. பன்னண்டு பேரும் பாத்தோம்."

"நான் இல்ல."

"இருடா, அனுப்புறேன். ஸ்கிரீன்ல ஓடுனத ஒருத்தன் புடிச்சு வச்சிருக்கான்."

பாலுவின் போனில் வந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தான். ஒரு தரம். இன்னொரு தரம். மூன்றாம் தரம் விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். மங்கை ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அங்கே ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் போனுக்குள் முகத்தை நீட்டினார்கள்.

"அது நீங்க, பப்பா" என்றான்.

"நல்லா பாருடா. நான் கையில கொடியோட நிக்கிறேன். கையுறை போட்டுக்கிட்டு நிக்கிறது நீ."